டிரைவர் குடித்து மாட்டியவரா? இ-கோர்ட்ஸில் தேடுவது பற்றி ஒரு டிராவல்ஸ்காரியின் விமர்சனம்

ஏப்ரல், மே வந்தால் மலையில் வண்டிக்குப் பஞ்சம் இருக்காது, டிரைவருக்குத்தான் பஞ்சம். கோத்தகிரியில் நானும் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருக்கிறோம். ஒரு டெம்போ டிராவலர், இரண்டு இன்னோவா. சீசனில் நிரந்தர டிரைவர்கள் போதாது, ஆக்டிங் டிரைவர் போட்டாக வேண்டும். தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுப்பார், அந்த ஆள் விடியற்காலையில் வந்து நிற்பார், லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவோம். பேட்டா பேசும் நேரத்தில் பாதிகூட ஆளைப் பற்றி விசாரிக்க மாட்டோம். இந்த ஊரில் எல்லா டிராவல்ஸிலும் இதுதான் வழக்கம்.

இதற்கு முன்னால் இவர் குடித்துவிட்டு ஓட்டிப் போலீஸில் மாட்டியிருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் என்ற இணையதளமும் அதே பெயரில் போன் ஆப்பும் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி மேற்பார்வையில் நடப்பது. காசு கிடையாது, பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை ஏன் குறைந்தது என்பதையும், அப்படியும் இதை விடக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில், ஏன் கோர்ட்டில் போய்த் தேட வேண்டும்? ஹெல்மெட் போடவில்லை, சீட் பெல்ட் போடவில்லை என்றால் ரோட்டிலேயே அபராதம் கட்டிவிட்டுப் போய்விடலாம். குடித்துவிட்டு ஓட்டுவது அந்தக் கணக்கில் வராது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதாக ஊதும் மெஷின் காட்டினால் குற்றம். அதே சட்டத்தின் 200-வது பிரிவில், ரோட்டிலேயே அபராதம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் 185 இல்லை. ஆகவே வழக்கு மாஜிஸ்திரேட் முன்னால் போயாக வேண்டும், போனால் ஒரு நம்பர் விழும். அந்த நம்பரைத்தான் நாம் தேடுகிறோம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை, 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு அபராதம் 2,000 ரூபாய்தான்.

இது டிரைவர் பாடு, ஓனருக்கு என்ன என்று கேட்கிறவர்கள் தங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் படிக்கட்டும். டிரைவர் போதையில் இருந்தால் நம் வண்டிக்கு ஆன சேதத்துக்கு கிளெய்ம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். இரவு பார்ட்டி முடிந்து ரிசார்ட்டிலிருந்து இறங்கும் டிரிப் எடுப்பவர்களுக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

சரி, தளத்துக்கு வருகிறேன். கேஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊட்டிக்கு ஒன்று, குன்னூருக்கு ஒன்று, கோத்தகிரிக்கு ஒன்று என்று வளாகங்கள் தனித்தனி. மாவட்டம் முழுவதையும் ஒரே தட்டில் தேட முடியாது. எங்கே மாட்டினாரோ அந்த ஸ்டேஷனுக்கு உரிய கோர்ட்டில்தான் வழக்கு இருக்கும், ஆள் குடியிருக்கும் ஊரில் இருக்காது. கோத்தகிரிப் பையன் சேரிங் கிராஸில் மாட்டினால் ஊட்டியில் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மாட்டினால் நம் மாவட்டமே கிடையாது, கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் போக வேண்டும்.

அப்புறம் பெயர். குறைந்தது மூன்று எழுத்து அடிக்க வேண்டும், வருஷமும் போட வேண்டும். கீழே படத்தில் வளைந்து நெளிந்து நிற்கும் எழுத்துகளையும் அடிக்க வேண்டும். கண்ணாடி போடும் வயசுக்காரர்கள் கம்ப்யூட்டரில் செய்வது நல்லது. பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போதுதான் பெரிய சிக்கல். ஸ்டேஷனில் ரைட்டர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் ஏறியிருக்கும். முருகேசனுக்கு ஒரு எஸ்ஸா, எஸ்ஸுக்குப் பின்னால் ஹெச் உண்டா? பெள்ளி என்ற பேர் B-யில் ஆரம்பிக்கிறதா P-யிலா, கடைசியில் I-யா, IE-யா? எங்கள் படகர் பெயர்களை வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் எழுதும் அழகு தனி. இதற்கு நான் கண்ட வழி, பெயரை முழுதாக அடிக்காமல் எல்லா ஸ்பெல்லிங்கிலும் மாறாமல் இருக்கும் மூன்று நான்கு எழுத்தை மட்டும் அடிப்பது. பட்டியல் நீளமாக வரும், வரட்டும். கண்ணால் சலித்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியம், பெண்டிங் (நடக்கும் வழக்கு), டிஸ்போஸ்ட் (முடிந்த வழக்கு), போத் (இரண்டும்) என்று இருக்கும் மூன்று பொத்தான்கள். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பெண்டிங்கில் வைத்துத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். குடித்து ஓட்டிய வழக்கு வருஷக்கணக்கில் இழுப்பது அரிது. பெரும்பாலும் ஆள் வந்து குற்றத்தை ஒப்புக்கொள்வார், அபராதம் கட்டுவார், முடிந்தது. அது டிஸ்போஸ்ட் பக்கத்துக்குப் போய்விடும். போத் என்பதைத் தொட்டால்தான் எல்லாம் வரும்.

வருஷத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே கேட்பது கோர்ட்டில் வழக்கு பதிவான வருஷம். டிசம்பர் 31 ராத்திரி நியூ இயர் சோதனையில் மாட்டியவர்களின் வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது காலண்டர் மாறியிருக்கும். எங்கள் மலைக்கு அந்த ஒரு ராத்திரி எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சந்தேகமான வருஷத்தோடு அடுத்த வருஷத்தையும் போட்டுப் பாருங்கள்.

பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு நல்ல வழி சொன்னவர் ஊட்டியில் ஒரு வக்கீல் குமாஸ்தா. காக்காத்தோப்பு கோர்ட் வளாகத்துக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். போனில் நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "பேரைப் போட்டு ஏம்மா கஷ்டப்படுறீங்க? செக்‌ஷனைப் போடுங்க" என்றார்.

"எங்கேண்ணா போடறது?"

"ஆக்ட்னு ஒரு தலைப்பு இருக்கு பாருங்க. அதில் மோட்டார் வெகிக்கிள்ஸ் ஆக்டை எடுத்து, செக்‌ஷன் கட்டத்தில் 185 போடுங்க."

போட்டேன். அந்த வளாகத்தில் அந்தப் பிரிவில் பதிவான வழக்குகள் வரிசையாக வந்து நின்றன. ஒரு பக்கம் போலீஸ், எதிர்ப்பக்கம் பெயர், நடுவில் எஸ்டிசி என்று ஆரம்பிக்கும் நம்பர். எஸ்டிசி என்றால் சுருக்க விசாரணை வழக்கு. ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் ஆள் இந்தப் பட்டியலில் கண்ணில் பட்டுவிடுவார். இந்த ஒரு வசதிக்காகவே தளத்துக்கு ஒரு மதிப்பெண் கூடக் கொடுத்தேன். வழக்கைப் பதிவு செய்தவர் பிரிவையும் சேர்த்து ஏற்றியிருந்தால்தான் இதில் வரும் என்பதால் பெயர்த் தேடலை முழுக்க விட்டுவிடவும் முடியாது.

பட்டியலில் ஒன்றைத் திறந்தால் என்ன தெரியும்? மேலே வழக்கு வகை, பதிவு நம்பர், தேதி. அடுத்து சிஎன்ஆர் என்ற பதினாறு எழுத்து நம்பர். நம் மாநில வழக்குகளுக்கு அது டிஎன் என்று ஆரம்பிக்கும், கடைசி நான்கு இடமும் வருஷம். இதை ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால் அப்புறம் மாநிலம், மாவட்டம் எதுவும் தேர்ந்தெடுக்க வேண்டாம், நேராக வழக்குக்குப் போய்விடலாம். ஆப்பில் அதைச் சேமித்தும் வைக்கலாம். அதன் கீழே முதல் ஹியரிங், முடிந்த தேதி, முடிந்த விதம். அன்கன்டெஸ்டெட் என்று இருந்தால் எதிர்த்து வாதாடாமல் முடிந்தது என்று அர்த்தம். அதற்கும் கீழே சட்டப் பிரிவுகள், எஃப்ஐஆர் இருந்தால் எந்த ஸ்டேஷன், என்ன நம்பர், எந்த வருஷம். உத்தரவை ஏற்றியிருந்தால் பிடிஎஃப் ஆகத் திறக்கலாம்.

பிரிவுகள் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். 185 மட்டும் இருந்தால் ஒரு கதை. கூடவே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 இருந்தால், 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 இருந்தால், தாறுமாறாகவும் ஓட்டியிருக்கிறார் என்று புகார். பழைய 304ஏ, புதிய 106 இருந்தால் ஓர் உயிர் போயிருக்கிறது என்று புகார். என் கணக்கில் இந்த மூன்றும் ஒன்றல்ல. 2020-ல் ஒரு தடவை ஊதி மாட்டி அபராதம் கட்டியவரை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன், இனியும் எடுப்பேன். இரண்டாவது வகையை டவுனுக்குள் ஓட்டச் சொல்வேன், குஞ்சப்பனை மலைப்பாதைப் பக்கம் அனுப்ப மாட்டேன். மூன்றாவது வகையில் தீர்ப்பு என்ன ஆனது என்று தெரியாமல் பேச்சே இல்லை. விடுதலை ஆனவர்களின் பெயரும் அதே பட்டியலில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இனி குறை. கோர்ட் பக்கத்தில் பிறந்த தேதி கிடையாது, லைசென்ஸ் நம்பர் கிடையாது, போட்டோ கிடையாது. இருப்பது ஒரு பெயர், அதிர்ஷ்டம் இருந்தால் அப்பா பெயர். ஒரே பெயரில் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர்! என் அக்கா பையன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே நிறைய கவுண்டிகளில் கோர்ட் கிளார்க் தளத்தில் பெயரோடு பிறந்த தேதியையும் வைத்து ஆளைப் பிரித்துவிடலாம் என்கிறான். அங்கே சட்டத்தின் எல்லை நம் ஊர் 30-க்குப் பதிலாக 80 மில்லிகிராம் என்று சொன்னபோது வீட்டுக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது, அதை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பெயர் மட்டும் பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. போன வருஷம் சீசனுக்கு முன்னால், காசு வாங்கிக்கொண்டு ஆளைச் சரிபார்த்துத் தரும் தனியார் கம்பெனி ஒன்றில் ஒரு டிரைவர் தம்பியின் விவரத்தைக் கொடுத்தோம். ஆதார் நகல், லைசென்ஸ் நகல் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். கலர் கலராக ஒரு ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்புக் கட்டம், "குற்ற வழக்கு உண்டு" என்று. எந்தக் கோர்ட், என்ன நம்பர் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த சிஎன்ஆரை இ-கோர்ட்ஸில் போட்டேன். குன்னூர் வழக்கு, பிரிவு 185, பெயர் அதேதான். ஆனால் அப்பா பெயர் வேறு.

தம்பியைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "அக்கா, இது நான் இல்லைக்கா. எங்கப்பா பேர் லைசென்ஸிலேயே இருக்கு பாருங்க" என்றார். லைசென்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. ஆதாரையும் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்ட கம்பெனி அப்பா பெயரை ஒத்துப் பார்க்கவில்லை. போன் செய்து கேட்டால், "சிஸ்டம் ஜெனரேட்டட் ரிப்போர்ட் மேடம்" என்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் அதே பக்கத்தை எடுத்து, கலர் பூசி, தப்பான ஆள் தலையில் கட்டுவதற்கா காசு? அந்தத் தம்பி இப்போது எங்கள் டிராவலர் ஓட்டுகிறார். இன்னொரு டிராவல்ஸ் அதே ரிப்போர்ட்டை வாங்கியிருந்தால் அவர் சீசன் பிழைப்பு போயிருக்கும்.

அதனால் நான் ஒளிந்திருந்து தேடுவதில்லை. ஆளை எதிரில் உட்கார வைத்து, டீ கொடுத்து, "தம்பி, கோர்ட் சைட்டில் ஒரு தடவை பார்த்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். கேள்வி கேட்ட உடனே பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள், எந்த வருஷம், எந்த ஊர், எவ்வளவு கட்டினார் என்பது வரைக்கும். ஒருவர் டீயைக் குடித்துவிட்டு வண்டிக்கு டீசல் போட்டு வருகிறேன் என்று போனார், அப்புறம் வரவில்லை. பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிராவல்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கோர்ட் பதிவு எல்லோரும் பார்க்கக்கூடியதுதான், அதற்காக ஹட்டி (எங்கள் படகர் ஊர்) முழுக்கப் பரப்ப வேண்டியதில்லை.

இ-கோர்ட்ஸோடு சேர்த்து இன்னும் சிலதைப் பார்க்கலாம். சாரதி தளத்தில் லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டால் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். குடித்து ஓட்டினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லியிருப்பதால் இது அவசியமான சோதனை, ஒரு நிமிஷ வேலை. இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் வண்டியின் அபராத பாக்கி தெரியும். ஆனால் அது வண்டியின் ஜாதகம், ஓட்டியவருடையது அல்ல. லைசென்ஸ் நம்பரை வைத்தும் அங்கே தேடலாம், நமக்கு அதுதான் உபயோகம். தமிழ்நாடு போலீஸ் தளத்தில் ஸ்டேஷனும் நம்பரும் தெரிந்தால் எஃப்ஐஆரைப் பார்க்கலாம். எஃப்ஐஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இடம் அமைப்பால் இணைப்பு கிடைக்காத ஊர்களுக்கு 72 மணி நேரம் வரை விட்டுக்கொடுத்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் டவர் படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் இந்தத் தேடல் பக்கத்தில் ஆகாது, காப்பி அப்ளிகேஷன் போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் என்றால் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். டிரைவர் வேலைக்கு அவ்வளவு தூரம் போவது என்னைக் கேட்டால் வீண். அந்த ஆளையே வாங்கிக் கொண்டுவரச் சொல்லலாம், அவர் வழக்கு என்பதால் அவருக்குச் சுலபம்.

கூடலூர்ப் பக்கத்து டிரைவர் என்றால் மட்டும் பொறுமை வேண்டும். அவர்களுக்கு ஒரு பக்கம் வயநாடு, இன்னொரு பக்கம் குண்டலுப்பேட்டை. காலையில் சுல்தான் பத்தேரி சவாரி, சாயங்காலம் மைசூர் என்று ஓட்டுகிறவர்கள். கேரளாவில் மாட்டியிருந்தால் கேரளா, வயநாடு மாவட்டம் என்று முதலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். குண்டலுப்பேட்டை என்றால் கர்நாடகா, சாமராஜநகர் மாவட்டம். பெயரைப் போட்டு மூன்று மாநிலத்தையும் ஒரே தட்டில் பார்க்கும் வசதி இதில் இல்லை, நான் குறைத்த மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான். கொடைக்கானலில் ஓட்டிவிட்டு இங்கே வருகிறவர்களுக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்குள் போய்க் கொடைக்கானலைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதனால் இவர்களிடம் எந்த ஊரில், எந்த வருஷம், யாரிடம் ஓட்டினீர்கள் என்று முதலில் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். தேடுவது அதற்கு அப்புறம்தான், அதுவும் முந்தின நாள் சாயங்காலமே. காலையில் டூரிஸ்ட் லக்கேஜோடு வாசலில் நிற்கும்போது தேட ஆரம்பித்தால் சாவியைக் கொடுத்துவிடத்தான் தோன்றும்.